"ஏன் சார் இத்தனை காலேஜ் மாறியிருக்கீங்க?": இன்டர்வியூ பேனல்ல உக்காருறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுல இருக்கிற தனியார் இன்ஜினியரிங் காலேஜ்கள்ல ஸ்டாஃப் இன்டர்வியூ எடுக்கிற பிரின்சிபால், எச்ஓடி (துறைத் தலைவர்), செக்ரட்டரி, கரஸ்பாண்டென்ட் எல்லாருக்கும் வணக்கம்.

நான் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல உதவிப் பேராசிரியர். ரெண்டு காலேஜ் என்னைய வெளிய அனுப்பியிருக்கு. ரெண்டு தடவையும் என் கையாலயே ராஜினாமா லெட்டர் எழுதி வாங்கிக்கிட்டாங்க, அதனால பேப்பர்ல பாத்தா நானா கிளம்பிப் போன மாதிரிதான் தெரியும். அதுக்கப்புறம் போன இன்டர்வியூல எல்லாம், கிளாஸ் எப்படி எடுப்பேன்னு கேக்குறதுக்கு முன்னாடியே ரெஸ்யூமைப் புரட்டிட்டு இந்தக் கேள்வியைத்தான் கேட்டாங்க, "ஏன் சார் இத்தனை காலேஜ் மாறியிருக்கீங்க?" இதைக் கேக்குற உங்ககிட்ட பேசணும்னு ரொம்ப நாளா இருக்கேன், ஏன்னா இதுக்கான பதில் என்கிட்ட இருக்கிறதை விட உங்ககிட்டதான் அதிகமா இருக்கு.

முதல்ல 2018. அதுக்கு முன்னாடி 15 மாணவருக்கு ஒரு ஆசிரியர்னு இருந்த கணக்கை ஏஐசிடிஇ, அதாவது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில், 20-க்கு ஒருத்தர்னு மாத்துச்சு. கணக்கு உங்களுக்குத் தெரியாததில்ல, 60 சீட் இருக்கிற ஒரு டிபார்ட்மென்ட்ல நாலு வருஷத்துக்கும் சேத்து 240 பசங்க, அதுக்கு 16 பேர் வேணும்னு இருந்த இடத்துல 12 பேர் போதும்னு ஆயிடுச்சு. ஒரே உத்தரவுல டிபார்ட்மென்ட்டுக்கு நாலு பேர் அதிகம். அதுவும் 60 சீட்டும் ரொம்பினா. எங்க சைடுல மெக்கானிக்கல்ல அட்மிஷன் ஏற்கனவே சரிஞ்சிட்டு இருந்துச்சு, அதனால நாலோட நிக்கல. பிரின்சிபால் ரூமுக்குக் கூப்பிட்டாரு, நல்ல மனுஷன்தான், "மேனேஜ்மென்ட் முடிவு சார், என் கையில எதுவும் இல்ல, நீங்களே எழுதிக் குடுத்துட்டா எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் சுத்தமா வரும், உங்க எதிர்காலத்துக்கு நல்லது"ன்னு சொன்னாரு. என் சப்ஜெக்ட்ல பாஸ் பர்சன்டேஜ் நல்லா இருந்துச்சு, பசங்க ஃபீட்பேக் நல்லா இருந்துச்சு, அதைப் பத்தி அந்த ரூம்ல யாரும் பேசல. பேச வேண்டிய அவசியமும் இல்ல, ஏன்னா நான் எப்படிப் பாடம் எடுக்கிறேங்கிறதுக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே கிடையாது.

ரெண்டாவது 2020. லாக்டவுன். அந்த ஏப்ரல்லயே ஏஐசிடிஇ எல்லா காலேஜுக்கும் எழுதுச்சு, சம்பளத்தை நிறுத்தாதீங்க, லாக்டவுனைக் காரணம் காட்டி யாரையும் வேலையை விட்டு அனுப்பாதீங்க, அனுப்பியிருந்தா வாபஸ் வாங்குங்கன்னு. லெட்டர் வந்துச்சு, சம்பளம் வரல. முதல்ல பாதி சம்பளம், அப்புறம் கால்வாசி, அப்புறம் ஆன்லைன் கிளாஸ் எடுக்கிறவங்களுக்கு மட்டும், அப்புறம் ஒரு ஃபோன் கால். அந்த வருஷம் எம்.இ. முடிச்ச ஆளுங்க நூறு நாள் வேலைக்குப் போனாங்க, காய்கறி வண்டி தள்ளினாங்க, பேப்பர்லயும் டிவியிலயும் வந்துச்சு, நீங்களும் பாத்திருப்பீங்க. அவங்க யாருமே அந்த வருஷத்தை ரெஸ்யூம்ல எழுத மாட்டாங்க, எழுதினா நீங்க எப்படிப் பாப்பீங்கன்னு அவங்களுக்குத் தெரியும், அதனால அங்க ஒரு கேப் இருக்கும், அந்த கேப்பைத்தான் நீங்க பேனாவால ரவுண்டு போடுறீங்க.

இந்த ரெண்டு வருஷத்தையும் சேத்துப் பாத்தா என் ரெஸ்யூம்ல இருக்கிற மாற்றம் எல்லாம் ஏன் நடந்துச்சுன்னு புரியும். எனக்கு மட்டும் இல்ல, என் வயசுல மெக்கானிக்கல், சிவில் எடுத்த முக்கால்வாசி பேருக்கு இதே வருஷங்கள்ல இதே மாதிரி வெட்டு இருக்கும். 2018, 2020-ன்னு தேதி ஒத்துப் போச்சுன்னா அது அந்த ஆளோட குணம் இல்ல, தமிழ்நாட்டு இன்ஜினியரிங் படிப்போட சரித்திரம். 1984-ல சுயநிதி காலேஜ் ஆரம்பிக்க அனுமதி குடுத்ததுல இருந்து ஊருக்கு ஊர் கட்டடம் எழும்புச்சு, பசங்க கூட்டம் கூட்டமா மெக்கானிக்கலும் சிவிலும் சேந்தாங்க, அந்தக் கூட்டத்துக்காகத்தான் நாங்களும் எம்.இ. படிச்சு வந்தோம். இப்ப கூட்டம் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏஐ அன்ட் டேட்டா சயின்ஸ் பக்கம் போயிடுச்சு, 2024-25-ல இருந்து ஒரு பிரான்ச்சுக்கு இத்தனை சீட்டுதான்ங்கிற உச்சவரம்பையும் ஏஐசிடிஇ எடுத்துடுச்சு, அங்க செக்‌ஷன் மேல செக்‌ஷன் போடுறீங்க, இங்க லேப்புக்குப் பூட்டு. மேனேஜ்மென்ட்டுக்கு பிசினஸ் கணக்கு இருக்கும், அதை நான் மறுக்கல. ஆனா அந்தக் கணக்கால வெளிய போனவரை அடுத்த காலேஜ்ல "நிலையா இருக்க மாட்டாரு"ன்னு சொல்லி நிராகரிக்கிறது பெரிய அநியாயம், அதைச் செய்றதும் அதே மாதிரி ஆளைக் குறைச்ச இன்னொரு காலேஜ்தான்.

இன்னொரு விதமா வேலை போனவங்களும் இருக்காங்க. என் கூட வேலை பாத்த ஒரு மேடம், ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அன்ட் கம்யூனிகேஷன்) டிபார்ட்மென்ட், பாடம் எடுக்கிறதுல அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது, சிக்னல்ஸ் அன்ட் சிஸ்டம்ஸ்னா பக்கத்து கிளாஸ் பசங்களும் வந்து கடைசி பெஞ்ச்ல உக்காருவாங்க. பிளஸ் டூ ரிசல்ட் வர்ற சமயத்துல ஆளுக்கு இத்தனை அட்மிஷன் கொண்டு வரணும்னு டார்கெட் போட்டாங்க. மே மாச வெயில்ல கைக்குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு ஊர் ஊரா போயி, ஸ்கூல்ல வாங்கின அட்ரஸ் லிஸ்ட்டை வச்சுக்கிட்டு வீட்டு வாசல்ல நின்னு "எங்க காலேஜ்ல சேருங்க"ன்னு கேட்டாங்க. டார்கெட் முடியல. ஜூன்ல வேலை இல்ல. இப்ப அவங்க எந்த இன்டர்வியூக்குப் போனாலும் காரணம் கேக்குறாங்க, உண்மையைச் சொன்னா "அப்ப நம்ம காலேஜுக்கும் அட்மிஷன் கொண்டு வர மாட்டாங்க"ன்னு கணக்குப் போடுறாங்க, சொல்லலைன்னா எதையோ மறைக்கிறாங்கன்னு நெனைக்கிறாங்க. அவங்க எந்தப் பக்கம் போவாங்க சொல்லுங்க. ஒரு பேராசிரியரோட தகுதியை அட்மிஷன் எண்ணிக்கையில அளக்குறதை நான் எந்தக் காலத்துலயும் ஏத்துக்க மாட்டேன்.

அடுத்து ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட். சேரும்போது பத்தாவது மார்க் ஷீட்ல இருந்து எம்.இ. டிகிரி வரைக்கும் வாங்கி பீரோவுல வச்சுக்கிறீங்க. வேலையை விட்டு அனுப்பும்போது மூணு மாச சம்பளத்தைக் கட்டு, செமஸ்டர் நடுவுல போறதுக்கு ஈடு கட்டுன்னு சொல்லித்தான் திருப்பித் தர்றீங்க. அனுப்புறது நீங்க, ஈடு கட்டுறது நாங்க. ஒருத்தர் படிச்ச சர்ட்டிஃபிகேட்டை அடமானப் பொருள் மாதிரி பிடிச்சு வைக்க காலேஜுக்கு உரிமை கிடையாதுன்னு சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கு, திருப்பிக் குடுங்கன்னு அண்ணா யுனிவர்சிட்டியும் சொல்லியாச்சு. இருந்தும் நடக்குது. ரெண்டாவது காலேஜ்ல என்னோடதை எடுக்க நான் வக்கீல் நோட்டீஸ் விட்டேன், கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனுவும் குடுத்தேன், அப்புறம்தான் ஒரு கவர்ல போட்டு வாட்ச்மேன்கிட்ட குடுத்து அனுப்பினாங்க. இது கையில இல்லாத காலத்துல வந்த ரெண்டு நல்ல வாய்ப்பு போச்சு. இதைப் படிக்கிற, இப்ப அதே நிலைமையில இருக்கிற ஆசிரியர்களுக்கு சொல்றேன், கேட்டதை எல்லாம் எழுத்துல கேளுங்க, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டைப் பத்திரமா வைங்க.

போர்ட்டல் சமாச்சாரம் பலருக்கு வெளிய தெரியாது. ஏஐசிடிஇ போர்ட்டல்ல ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு ஐடி இருக்கு, பழைய காலேஜ் அதுல ரிலீவ் பண்ணினாத்தான் புது காலேஜ் நம்மளைச் சேக்க முடியும். ஆளை அனுப்பிட்டு பேரை மட்டும் அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் முடியுற வரைக்கும் வச்சுக்கிறாங்க, ஏன்னா கணக்குக்கு ஆள் வேணும். சம்பளம் இல்லாம பேரு மட்டும் அங்க வேலை பாக்கும், நாம வெளிய வேலை தேடிட்டு இருப்போம். 2024 ஜூலைல ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரம் ஞாபகம் இருக்கும், 353 பேரோட பேரு ஒரே சமயத்துல ஒண்ணுக்கு மேற்பட்ட காலேஜ்ல வேலை பாக்குற மாதிரி காட்டப்பட்டிருக்கு, இதுல சம்பந்தப்பட்டது 224 காலேஜ்னு சொன்னாங்க. அன்னைக்கு எல்லாரும் இதை மோசடின்னு பேசினாங்க, சரிதான், ஆனா எனக்கு அந்த லிஸ்ட்டைப் பாத்ததும் வேற ஒண்ணுதான் தோணுச்சு. அந்தக் காகிதப் பேரு ஒவ்வொண்ணும் ஒரு காலியிடம். அந்த இடத்துல பாடம் எடுக்கத் தெரிஞ்ச, வேலை போயி வீட்ல உக்காந்திருக்கிற ஒரு நிஜ ஆள் உக்காந்திருக்கலாம். ஆள் கிடைக்கலன்னு நீங்க சொல்றதும், வேலை கிடைக்கலன்னு நாங்க சொல்றதும் ஒரே மாவட்டத்துக்குள்ள நடந்துச்சு.

கோர்ட்டுக்குப் போகலாமேன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. ஒரு ஃபேக்டரி தொழிலாளி லேபர் கோர்ட்டுக்குப் போற மாதிரி ஆசிரியர் போக முடியாது, ஆசிரியர் தொழில் தகராறு சட்டம் சொல்ற 'தொழிலாளி' கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1988-லயே, கோவாவுல இருந்து வந்த ஒரு டீச்சரோட வழக்குல சொல்லிடுச்சு. ஹைகோர்ட்டுக்கு ரிட் போடணும், சிவில் கேஸ் போடணும், அதுக்கெல்லாம் பணமும் வருஷங்களும் வேணும், வேலை இல்லாதவர்கிட்ட ரெண்டும் இருக்காது. ஒரே ஒரு ஆறுதல் கிராஜுவிட்டி, ஆசிரியர்களுக்கும் உண்டுன்னு 2009-ல சட்டத்தைத் திருத்தி 1997 ஏப்ரல் 3-ல இருந்தே செல்லும்னு வச்சாங்க, பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்துப் போயி 2022-ல சுப்ரீம் கோர்ட்டும் திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு. ஆனா அதுக்கு அஞ்சு வருஷம் ஒரே இடத்துல இருக்கணும். எங்களை எங்க அஞ்சு வருஷம் இருக்க விட்டீங்க.

சரி, நான் எப்படி எந்திரிச்சேங்கிறதையும் சொல்லணும், ஏன்னா இன்டர்வியூல யாரும் அதைக் கேட்டதில்ல. 2020-க்கு அப்புறம் காலேஜ் பக்கமே போகாம கோயம்புத்தூர்ல பம்ப்புக்கு காஸ்டிங் பண்ற ஒரு யூனிட்ல குவாலிட்டி செக்‌ஷன்ல சேந்தேன். என்னை விட பத்து வயசு சின்னவங்க, டிப்ளமோ முடிச்சவங்க, அவங்ககிட்ட கத்துக்கிட்டேன். கேஸ்ட் அயர்ன்ல புளோ ஹோல், அதாவது உள்ள காத்து ஓட்டை, ஏன் வருதுன்னு வருஷக்கணக்கா போர்டுல எழுதியிருக்கேன், அங்கதான் மோல்டு மண்ணுல ஈரம் கொஞ்சம் கூடினா ஒரு ஷிஃப்ட் பூரா வர்ற காஸ்டிங் ரிஜெக்ட் ஆகுறதைக் கண்ணால பாத்தேன், ரிஜெக்ட் ஆனதை அறுத்து உள்ள இருக்கிற ஓட்டையைக் கையால தொட்டுப் பாத்தேன். பாகங்களைத் துல்லியமா அளக்கிற சிஎம்எம் மெஷின்ல அளக்கக் கத்துக்கிட்டேன், டிராயிங்ல இருக்கிற டாலரன்ஸ் சிம்பல் ஒவ்வொண்ணுக்கும் ஷாப் ஃப்ளோர்ல என்ன விலைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ராத்திரி ஐஐடிங்க ஆன்லைன்ல நடத்துற என்பிடிஇஎல் கோர்ஸ் பண்ணினேன். பிஎச்டி பார்ட் டைமா சேரணும்னு ஆசை, அதுக்கு வேலை பாக்குற இடத்துல இருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கிற லெட்டர்) வேணும், வேலையே நிலையில்லாதவன் எங்க போயி வாங்குறது, அது தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. கவர்மென்ட் பாலிடெக்னிக்கை நம்பியிருந்த என் கூட்டாளிங்க கதை இன்னும் சோகம், 2017-ல 1,058 இடத்துக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) எக்ஸாம் எழுதினாங்க, மார்க்ல திருத்தம் நடந்துச்சுன்னு 2018 பிப்ரவரில எக்ஸாமையே ரத்து பண்ணிட்டாங்க, மறுபடி எக்ஸாம் நடந்தது 2021 டிசம்பர்ல. ஒழுங்கா படிச்சு எழுதினவங்களுக்கு அந்த நாலு வருஷம் யாரு குடுப்பா? அந்த நாலு வருஷமும் அவங்க ரெஸ்யூம்ல கேப்தான்.

அப்புறம் ஒரு தனியார் பாலிடெக்னிக்ல சேந்தேன், அங்க இருந்து இப்ப இருக்கிற காலேஜ். இந்த காலேஜ் இன்டர்வியூவைப் பத்தி கண்டிப்பா சொல்லணும், ஏன்னா நீங்க எல்லாரும் இப்படி நடத்த முடியும், இதுக்கு ஒரு ரூபா செலவு இல்ல. எச்ஓடி ரெஸ்யூமை மூடி வச்சுட்டு கையில சாக்பீஸைக் குடுத்தாரு, "செகண்ட் இயர் பசங்க முன்னாடி நிக்கிறதா நெனச்சுக்கோங்க, என்ட்ரோபியை எடுங்க"ன்னாரு. எடுத்தேன். நடுவுல மூணு குறுக்குக் கேள்வி கேட்டாரு, ஒண்ணுக்கு எனக்குப் பதில் தெரியல, தெரியலன்னு சொன்னேன், தலையாட்டிட்டு விட்டுட்டாரு. அதுக்கப்புறம்தான் ரெஸ்யூமைத் திறந்தாரு. "2018-ல உங்க டிபார்ட்மென்ட்ல எத்தனை பேரைக் குறைச்சாங்க?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஏன் மாறினீங்கன்னு கேக்கல. எத்தனை பேரைக் குறைச்சாங்கன்னு கேட்டாரு. எனக்கு அந்த இடத்துல கண்ணு கலங்கிடுச்சு, சொல்றதுக்கு வெக்கமெல்லாம் இல்ல. ஃபவுண்டரியில வேலை பாத்ததை மத்த பேனல்ல "டீச்சிங் பிரேக்"னு சொன்னாங்க, இவரு அதைத்தான் அதிக நேரம் கேட்டாரு, ப்ரொடக்‌ஷன் டெக்னாலஜி லேப்பை என்கிட்டயே குடுத்தாரு. இப்ப என் பசங்களுக்கு ரிஜெக்ட் ஆன காஸ்டிங்கை அறுத்துக் காட்டித்தான் அந்தப் பாடத்தை நடத்துறேன். வேலை போகாம இருந்திருந்தா இந்தக் கிளாஸ் இப்படி இருந்திருக்காது, ஆனா அதுக்காக வேலை போனது நல்லதுக்குன்னு யாரும் என்கிட்ட சொல்ல வேண்டாம், அந்த வருஷங்கள்ல என் வீடு பட்ட பாடு எனக்குத் தெரியும்.

உங்ககிட்ட கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்ல. ஆளைக் குறைக்கணும்னா குறைச்சதுன்னு எழுத்துல குடுங்க, "சீட் குறைஞ்சதால பணியிடம் நீக்கப்பட்டது, இவரோட பணியில குறை இல்ல"ன்னு ரெண்டு வரி போதும், எங்க கையால ராஜினாமா எழுதி வாங்காதீங்க. அந்த ரெண்டு வரி இருந்தா அடுத்த இன்டர்வியூல எங்க பாதி பாரம் குறையும். காலேஜுக்குத் தர அங்கீகாரம் குடுக்கிற என்பிஏ-வுல ஃபேகல்டி ரிடென்ஷனுக்கு, அதாவது ஆசிரியர்கள் விட்டுப் போகாம இருக்கிறதுக்கு, மார்க் இருக்கு, அதுக்காகத்தான் ராஜினாமாவா காட்டுறீங்கன்னு சிலர் சொல்றாங்க, ஆனா நீங்க எந்தப் பேருல எழுதினாலும் போனவர் போனவர்தானே, எண்ணிக்கை மாறப் போறதில்ல. ஏப்ரல்ல சொல்லுங்க, ஜூன்ல சொல்லாதீங்க, ஜூன்ல சொன்னா அந்த வருஷ அப்பாயின்ட்மென்ட் எல்லாம் எல்லா காலேஜ்லயும் முடிஞ்சிருக்கும், ஒரு வருஷம் வீணாப் போகும். கடைசி நாள் அன்னைக்கே போர்ட்டல்ல ரிலீவ் பண்ணி சர்ட்டிஃபிகேட்டையும் கையில குடுங்க. மே மாச சம்பளத்தைப் பிடிக்காதீங்க.

இன்டர்வியூக்கு வர்றவங்களை முதல்ல போர்டு முன்னாடி நிக்க வைங்க. ரெஸ்யூம் அப்புறம். ஒரு தடவைக்கு மேல வேலை போனவர் உள்ள வரும்போது எவ்வளவு தயாரிப்போட வர்றாருன்னு உங்களுக்குத் தெரியாது, எந்தக் கேள்விக்கு எந்த முகத்தோட பதில் சொல்லணும்னு ராத்திரி முழுக்க யோசிச்சுட்டு வர்றாரு, அந்த நேரத்துல பாடத்தைத் தயார் பண்ணிட்டு வர நீங்க அவரை விடுங்க. பழைய காலேஜுக்கு ஃபோன் பண்ணி விசாரிக்கிறது உங்க உரிமை, பண்ணுங்க, ஆனா ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் "அவரு கொஞ்சம் பிரச்சனைங்க"ன்னு சொன்னா அதை அப்படியே எடுத்துக்காம, அவர்கிட்ட படிச்ச ரெண்டு பழைய மாணவங்க நம்பரை வாங்கி அவங்ககிட்டயும் கேளுங்க. மேல சொன்ன ஈசிஇ மேடத்தைப் பத்தி அப்படி ஒரு தடவை யாராவது கேட்டிருந்தா அவங்க இன்னைக்கு ஒரு டியூஷன் சென்டர்ல பத்தாம் கிளாஸுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துட்டு இருக்க மாட்டாங்க.

அவங்க இன்னும் அப்ளிகேஷன் போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. அடுத்த இன்டர்வியூ சீசன்ல உங்க யாரோ ஒருத்தர் டேபிளுக்கு அவங்க ரெஸ்யூம் வரும், மூணு காலேஜ் பேரு இருக்கும், நடுவுல கேப் இருக்கும். சாக்பீஸைக் குடுத்து சாம்ப்ளிங் தியரத்தை எடுக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
மெக்கானிக்கல் துறை உதவிப் பேராசிரியர் ஒருத்தர்